காசிமேடு: ஐஸ் யார் கையில்?

மீன் வலையில் சிக்கிச் செத்த நொடியிலிருந்து அதன் விலை இறங்கத் தொடங்குகிறது. நெல்லை, விலை ஏறட்டும் என்று குதிரில் போட்டு வைக்கலாம். வெயில் ஏறிய சென்னையில் ஒரு கூடைச் சங்கராவை அரை நாள் சும்மா வைத்திருந்தால் அதை வாங்க ஆளிருக்காது. ஆகவே மீன்பிடித் துறைமுகத்தில் நடக்கும் பேரம் இரண்டு அடுக்கு கொண்டது. மேலே, கூடைக்கு என்ன விலை என்ற பேரம். அது சத்தம் போட்டு நடக்கிறது. அடியில், கெடப்போகும் மீனின் நட்டத்தை யார் சுமப்பது என்ற பேரம். அதற்குச் சத்தம் கிடையாது. வட சென்னையின் காசிமேட்டில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதை இந்த இரண்டாவது பேரத்தைக் கொண்டு படித்துப் பார்ப்பதே இக்கட்டுரை. அதைப் படிக்கக் கிடைக்கும் நல்ல தடயம் ஐஸ். யாரிடம் எவ்வளவு ஐஸ் இருக்கிறது, யாரிடம் இல்லை என்று பார்த்துக்கொண்டே போனால் துறைமுகத்தின் மேல்தட்டும் கீழ்த்தட்டும் தாமாகப் பிரிந்து தெரியும்.

முதலில் கரையைப் பற்றிக் கொஞ்சம். ராயபுரம், காசிமேடு பகுதியின் கடற்கரை இயற்கை விட்டுவைத்த கரை அல்ல. 1875 டிசம்பரில் இங்கிலாந்து இளவரசர் எட்வர்ட் அடிக்கல் நாட்டிய பிறகு எழுந்த சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே கரையோரம் நகர்ந்துகொண்டிருந்த மணலை மறித்தன. மறிபட்ட மணல் தெற்கே சேர்ந்து மெரினா அகன்றது. வர வேண்டிய மணல் வராத வடக்குக் கரையைக் கடல் அரித்துத் தின்றது. மெரினாவில் காற்று வாங்கும் சென்னைக்காரர், ராயபுரத்தாரும் திருவொற்றியூராரும் இழந்த மணலின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார். அரித்த கரையில் பாறாங்கற்களைக் கொட்டினார்கள். கட்டுமரத்தைத் தள்ளவும் ஏற்றவும் மணல் வேண்டும்; பாறைச் சுவரில் அது முடியாது. சென்னைத் துறைமுகத்தின் வடக்கு ஓரத்தில் 1980களில் முழுப் பயன்பாட்டுக்கு வந்த மீன்பிடித் துறைமுகம், இப்படிக் கரை போன ஓர் ஊருக்குக் கிடைத்த கான்கிரீட் கரை என்றும் சொல்லலாம்.

கட்டுமரக் காலத்தில் ஐஸுக்கு வேலை இல்லை. விடியுமுன் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் பாய் விரித்துப் போவார்கள். பகலில் காற்று திரும்பும்போது கரை சேர்வார்கள். மீனின் வயது சில மணி நேரம். கூடையைத் தலையில் ஏற்றிய பெண் நடந்து போகும் தூரமே சந்தையின் எல்லை. அதற்கு மேல் மிஞ்சினால் உப்பு. அந்த உப்பு அன்றைக்குச் சர்க்காரின் கையில் இருந்தது. இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய பிரான்சிஸ் டே, சென்னை ராஜதானியில் மருத்துவராக வேலை பார்த்தவர். உப்பு வரியின் சுமையால் மீனவர் உப்பு மண்ணைக் கொண்டு மீனைப் பதப்படுத்துவதையும், பாதி அழுகிய மீன் ஏழைகளின் உணவாவதையும் 1870களிலேயே அவர் அரசுக்கு எழுதினார். அதன் பிறகு ராஜதானிக் கரையோரங்களில் மீன் உப்பிடும் களங்கள் ஏற்பட்டன. வரி நீக்கிய உப்பு அங்கே கிடைக்கும். ஆனால் களத்துக்குள் வைத்தே, அதிகாரியின் கண்முன்னே உப்பிட வேண்டும். கெடாமல் காக்கும் பொருள் யார் வசமோ, மீனின் மீதான அதிகாரமும் அவர் வசமே என்பதற்கு இது பழைய சாட்சி.

ஐஸும் சென்னைக்கு மீனுக்காக வரவில்லை. திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் ஐஸ் ஹவுஸ், 1842இல் பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடரிக் டியூடரின் கம்பெனி கட்டியது. அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலில் கொண்டுவந்து வெள்ளைக்காரர்களின் கோப்பைகளுக்கு விற்றார்கள். அந்தக் கட்டடத்துக்குக் கூப்பிடு தூரத்தில்தான் மீனவக் குப்பங்கள் இருந்தன. அங்கே மீன் வெயிலில் கிடந்தது.

நிலைமை மாறியது விசைப்படகு வந்த பிறகு. 1950களில் அரசு விசைப்படகுகளை அறிமுகப்படுத்தியது. 1960களில் இறாலுக்கு வெளிநாட்டுச் சந்தை திறந்ததும் இழுவைமடிப் படகுகள் பெருகின. கரையோரத்தில் இறால் தேடி மடி இழுத்த படகுகள் கட்டுமரக்காரர்களின் வலைகளை அறுத்தன. 1970களின் பிற்பாதியில் சென்னை முதலான இடங்களில் இரு தரப்பும் மோதி, படகுகள் எரிந்து, உயிர்களும் போயின. கோரமண்டல் கரையின் இந்த மோதல்களைப் பற்றியும் ஊர்ப் பஞ்சாயத்துகள் அவற்றை எப்படித் தீர்த்துவைத்தன என்பதைப் பற்றியும் டச்சு ஆய்வாளர் மார்டன் பாவிங்க் 2001இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். சண்டைகளின் விளைவாக வந்ததுதான் 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். அது கரையிலிருந்து 3 கடல் மைல் வரை விசைப்படகுக்கு அனுமதி மறுத்தது. காலை 5 மணிக்குப் பிறகு கிளம்பி இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும் என்றது. தூத்துக்குடியில் விசைப்படகுகள் இந்தக் கணக்கில் தினம் போய்த் தினம் வருகின்றன. காசிமேட்டில் அப்படி இல்லை. கரையோரக் கடலில் மீன் வற்றிய பிறகு படகுகள் ஆந்திரக் கரை வரைக்கும் ஆழ்கடலுக்கும் போகின்றன. ஒரு வாரம், பத்து நாள், அதற்கு மேலும் கடலில் தங்குகின்றன.

அந்த நாட்களைத் தாங்குவது ஐஸ். டீசலுக்கு அடுத்த பெரிய செலவுகளில் ஒன்று அது. கிளம்புவதற்கு முந்தின நாள் துறைமுகத்தில் லாரிகள் நிற்கும். ஆள் உயரக் கட்டிகள் உடைப்பு இயந்திரத்துக்குள் சறுக்கி விழுந்து, பொடியாகிக் குழாய் வழியே படகின் அடியறைக்குள் பாயும். அரிசி, மசாலா, எரிவாயு உருளை, குடிதண்ணீர், பீடிக்கட்டு எல்லாம் ஏறிய பிறகும் டிரைவர் கடைசியாகக் குனிந்து பார்ப்பது ஐஸ் அறையைத்தான். காசிமேட்டில் படகைச் செலுத்துபவர் டிரைவர். பேருந்து டிரைவருக்கு உள்ள அதிகாரத்தைவிட இவருக்குக் கூடுதல். எங்கே மடி போடுவது, எப்போது கரைக்குத் திரும்புவது என்பதெல்லாம் அவர் முடிவு. திரும்பும் முடிவில் இரண்டு கணக்குகள் மோதும்: இன்னும் ஒரு நாள் இருந்தால் மீன் கூடும், ஒரு நாள் கூடினால் ஐஸ் கரையும்.

ஐஸின் வேலை பலர் நினைப்பதுபோல் மீனை உறைய வைப்பது அல்ல. உருகுவதுதான் அதன் வேலை. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது சுற்றியிருக்கும் மீனிலிருந்து ஏறக்குறைய 80 கிலோகலோரி வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. உருகிய நீர் மீனின் மேலுள்ள வழவழப்பையும் கிருமியையும் கழுவிக்கொண்டு போகிறது. 0 டிகிரியில் இருக்கும் மீன் கெடும் வேகத்தைப் போல நான்கு மடங்கு வேகத்தில் 10 டிகிரியில் இருக்கும் மீன் கெடும் என்பது மீன் பதனத்துறையினரின் பொதுக் கணக்கு. நம் ஊர் வெயிலுக்கு மீனுக்குச் சரி பங்கு ஐஸ் வேண்டும் என்பார்கள். அதையும் பொடியாக உடைத்துப் போட வேண்டும்: கட்டியாகப் போட்டால் மீனைச் சில இடங்களில்தான் தொடும், தொடாத இடம் கெடும். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களில் ஐஸ் தாமதமானால் கிருமிகள் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். மீனைக் குழம்பில் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தலை வலித்து, தடிப்பு தடிப்பாக எழும். சமைத்தவர் மீது பழி விழும்.

படகு கரை சேரும் நேரம் நள்ளிரவைத் தாண்டி. ஏலம் இரண்டு, மூன்று மணிக்குத் தொடங்கி விடியும் முன் சூடு பிடிக்கிறது. வெயில் இல்லாத நேரம் என்பது ஒரு காரணம். விடிந்து சந்தை திறக்கும்போது தெருவில் மீன் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. விளக்கு வெளிச்சத்தில், ஈரத் தரையில், ரப்பர் செருப்புகளுக்கு நடுவே கூடைகள் கவிழ்கின்றன. எங்கும் டீசல் வாடை. மீன் வாடை அதற்கு அடுத்தபடிதான்.

பல நாள் தங்கிய படகின் மீனுக்கு ஒரே வயது கிடையாது. முதல் நாள் பிடித்தது அறையின் அடியில், கடைசி நாள் பிடித்தது மேலே. ஒரே படகிலிருந்து இறங்கும் வஞ்சிரங்களில் ஒன்றுக்கு ஒரு நாள் வயது, இன்னொன்றுக்குப் பத்து நாள். ஏலத்தில் நிற்கும் பெரிய வியாபாரிக்கு இது தெரியும். செவுளைப் பிரித்துச் சிவப்பைப் பார்ப்பார், கண் உள்வாங்கியிருக்கிறதா என்று பார்ப்பார், வயிற்றை அழுத்திக் குழி மீள்கிறதா என்று பார்ப்பார். இறால், கணவாய், கடம்பா போன்ற ஏற்றுமதிச் சரக்குக்குக் கம்பெனி ஆட்கள் தனியே நிற்பார்கள். அங்கே எடை உண்டு, தரம் பிரிப்பு உண்டு, உடனே ஐஸ் பெட்டியும் மூடிய வண்டியும் உண்டு. மற்ற மீனுக்குப் பெரும்பாலும் கண்ணளவுதான். கூடை இவ்வளவு என்று கூவுகிறார்கள். கூடையின் அடியில் என்ன இருக்கிறது என்பது வாங்கியவர் பாடு.

ஏலத்தின் சத்தத்தைப் பார்த்து இதைத் திறந்த சந்தை என்று நினைப்பது பாதி உண்மை. படகு உரிமையாளருக்கு டீசலுக்கும் ஐஸுக்கும் இயந்திரப் பழுதுக்கும் முன்பணம் கொடுத்தவர் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் ஏலம் விடும் தரகரோ அவருடைய ஆளோ அவர். மீன் அவர் வழியாகத்தான் விற்பனையாக வேண்டும். விற்ற தொகையில் அவருக்குக் கழிவு உண்டு. கடன் தீரும்வரை இது தொடரும். கடன் பொதுவாகத் தீர்வதில்லை. இதைச் சுரண்டல் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனமில்லை. கடலுக்குப் போகும் படகை அடமானமாக ஏற்கும் வங்கிகள் குறைவு. மீன் கிடைக்காத நடைக்கும் அடுத்த நடைக்கு டீசல் போட்டுக் கொடுப்பவர் அந்தத் தரகர். ஆனால் அவருடைய கழிவு விற்ற தொகையிலிருந்து முதலில் போகிறது. படகில் போன எட்டுப் பத்துப் பேரின் பங்கு கடைசியில் வருகிறது.

பங்கு முறையை இங்கே விளக்க வேண்டும். காசிமேட்டு மீனவத் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் கிடையாது. மீன் விற்ற காசில் டீசல், ஐஸ், சாப்பாடு, படி எல்லாம் கழித்த மிச்சத்தைப் பிரிக்கிறார்கள். பெரும்பகுதி படகுக்கு, மீதி ஆட்களுக்கு. ஆட்களுக்குள் டிரைவருக்குக் கூடுதல். அதாவது உருகிப்போன ஐஸின் விலை தொழிலாளியின் பங்கிலிருந்தும் போகிறது. ஐஸ் போதாமல் மீன் கெட்டு விலை இறங்கினாலும் அவன் பங்கு குறையும். ஐஸ் எவ்வளவு ஏற்றுவது என்ற முடிவில் அவனுக்குக் குரல் இல்லை. இந்தத் தொழிலாளிகளில் பலர் ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் பக்கத்துக்காரர்கள். 2020 ஊரடங்கில் வண்டி ஓடாதபோது, சென்னையில் சிக்கிய ஸ்ரீகாகுளம் மீனவர்கள் சிலர் காசு சேர்த்து ஒரு படகை வாங்கிக் கடல் வழியாகவே வீடு போய்ச் சேர்ந்தார்கள். செய்தித்தாளில் அது வீரச் செயலாக வந்தது. அவர்களுக்கு அது தெரிந்த வழி, அவ்வளவுதான்.

ஏலத்தின் ஓரத்தில் நிற்கும் பெண்களிடம் இப்போது வரலாம். தெருவில் விற்கும் இவர்கள் பலரால் ஒரு கூடையைத் தனியாக எடுக்க முடியாது. மூன்று நான்கு பேர் கூடி ஒரு கூடை எடுத்துத் தரையில் கொட்டிக் கூறு போட்டுக்கொள்வார்கள். கூறு போடுவதில் ஒரு நீதி இருக்கிறது: பெரியதும் சிறியதும் எல்லாக் கூறிலும் விழ வேண்டும். வாங்கும் காசு பெரும்பாலும் தண்டல் காசு. வட்டியை முன்னாலேயே கழித்துக்கொண்டு கொடுப்பார்கள். நாள்தோறும் வந்து வசூலிப்பார்கள். தண்டல்காரருக்கு மீன் விற்றதா, மழை பெய்ததா என்ற விசாரணை தேவையில்லை. பிறகு மீன்பாடி வண்டியில் இடம் பிடித்தோ பேருந்தில் ஏறியோ வியாசர்பாடிக்கும் பெரம்பூருக்கும் தண்டையார்பேட்டைக்கும் போக வேண்டும். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. கூடையோடு ஏறுவதற்கு நடத்துநரின் மனம் வேண்டும். அந்த ஆண்டு டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுவிட்டு ஏறிய ஒரு முதிய பெண்ணை, நாற்றம் என்று சொல்லிப் பேருந்திலிருந்து இறக்கிவிட்ட காட்சி தமிழ்நாடெங்கும் பரவியது. அரசு நடவடிக்கை எடுத்தது. எல்லா ஊரிலும் அதைப் படம் பிடிக்க ஆள் நிற்பதில்லை.

இந்தப் பெண்ணின் ஐஸ் எவ்வளவு? கூடைக்கு மேல் ஓர் ஈரச் சாக்கு, பாலித்தீன் பையில் உடைத்து வாங்கிய கொஞ்சம். சிலரிடம் தெர்மாக்கோல் பெட்டி. படகில் டன் கணக்கிலும் கம்பெனியின் வண்டியில் பெட்டிக் கணக்கிலும் இருந்தது, வெயில் உச்சிக்கு ஏறும் தெருமுனையில் கையளவாகச் சுருங்கியிருக்கிறது. மீனுக்கு ஐஸ் மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில் அது மிகக் குறைவாக இருக்கிறது. இத்தனைக்கும் அந்த மீன் ஏற்கெனவே பத்து நாள் வயதானதாக இருக்கலாம்.

இதோடு வாங்குபவரின் ஒரு நம்பிக்கையும் சேர்கிறது. நம் வீடுகளில் ஐஸ் மீன் என்றால் ஏளனம். கூடையில் ஐஸைக் கண்டால் முகம் சுளிப்போம். ஐஸ் போடாத மீன்தான் அன்றைய மீன் என்று நம்புகிறோம். கட்டுமரக் காலத்தில் அது சரி. இன்று பத்து நாள் கடலில் தங்கிய படகின் மீனை ஐஸிலிருந்து எடுத்து வெறும் பலகையில் அடுக்கி வைத்தால் மகிழ்ச்சியோடு வாங்குகிறோம். ஆகவே விற்பவள் இருக்கிற கொஞ்ச ஐஸையும் சாக்குக்கு அடியில் மறைக்க வேண்டியிருக்கிறது, அல்லது போடாமலே விட வேண்டியிருக்கிறது. காலை எட்டு மணிக்குச் சொன்ன விலை பதினொரு மணிக்குப் பாதியாகிறது என்பதை அனுபவம் உள்ள குடும்பத் தலைவர்கள் அறிவார்கள்; அதற்காகவே காத்திருந்து வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் சாமர்த்தியம் என்று நினைப்பது, கெடும் நட்டத்தைக் கடைசி ஆளின் மடியில் தள்ளிவிடும் வேலை.

பீதிக்கும் இதே பாதைதான். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. கரையில் கரும்படலத்தை வாளியில் அள்ளும் படங்கள் வந்ததும் நகரம் மீனைத் தொடவில்லை. தொலைதூரக் கடலில் பிடித்த மீனுக்கும் அதே கதி. 2018 ஜூலையில் சென்னையில் விற்ற மீன்களில் ஃபார்மலின் கண்டறியப்பட்டதாகச் செய்தி வந்தபோதும் அப்படியே. ஃபார்மலின் பிணங்களைக் காக்கும் மருந்து. ஐஸ் செலவை மிச்சம் பிடிக்க நினைத்த யாரோ, நீண்ட தூரச் சரக்குப் பாதையின் ஏதோ ஓரிடத்தில் செய்த வேலை. ஆனால் வாடிக்கையாளரின் கேள்விகளுக்கு நின்று பதில் சொன்னது தெருமுனையில் உட்கார்ந்திருந்த பெண். அந்த மருந்தின் பெயரையே அவள் அன்றைக்குத்தான் கேட்டிருப்பாள்.

ஐஸே தேவைப்படாத ஒரு சரக்கும் துறைமுகத்தில் உண்டு. மடியில் வரும் குஞ்சு மீன், பெயர் தெரியாத சில்லறை மீன், நசுங்கியது, கெட்டது எல்லாம் கலந்த கழிவு மீன். ராமேஸ்வரம் பக்கம் சங்காயம் என்பார்கள். முன்பு இதைக் கடலிலேயே வாரிக் கொட்டுவார்கள். இப்போது மீன்தூள் ஆலைக்காரர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். அது கோழித் தீவனமாகிறது. நாம் உடைக்கும் முட்டைக்குள் வங்கக் கடலின் குஞ்சு மீனும் இருக்கிறது. கோரமண்டல் கரையின் இழுவைமடிப் படகுகளை ஆராய்ந்து ஆரோன் லோபோவும் பிறரும் 2010இல் வெளியிட்ட கட்டுரை இதில் ஓர் ஆபத்தைச் சுட்டியது. நல்ல மீன் குறைந்தால் தொழில் நட்டமாகி, படகுகள் தாமாகக் குறைய வேண்டும். கழிவு மீனுக்குக் காசு கிடைப்பதால் நட்டமடைய வேண்டிய படகும் ஓடிக்கொண்டே இருக்கிறது. நம் கேள்வியின் வழியே பார்த்தால் இது வியப்பாக இல்லை. கெட்டாலும் விலை போகும் ஒரே மீன் இதுதான். கெடும் நட்டம் யாருக்கும் இல்லை என்றானதும் பிடிப்பதற்கும் எல்லை இல்லாமல் போகிறது. நட்டம் இங்கே கடலின் கணக்கில் எழுதப்படுகிறது. நாளை பெரிய மீனாக வேண்டியது இன்று தூளாகிறது.

காசிமேட்டை நவீனமாக்கும் திட்டங்களுக்குக் குறைவில்லை. 2021 பிப்ரவரியில் ஒன்றிய நிதிநிலை அறிக்கை ஐந்து பெரிய மீன்பிடித் துறைமுகங்களைப் பொருளாதார மையங்களாக்குவதாக அறிவித்தது. கொச்சி, விசாகப்பட்டினம், பாரதீப், பெத்துவாகாட் ஆகியவற்றோடு சென்னையும் அதில் ஒன்று. நெரிசலைக் குறைக்கவும் சூரை பிடிக்கும் படகுகளுக்காகவும் திருவொற்றியூரில் கட்டிய துறைமுகம் 2025இல் திறக்கப்பட்டது. ஏலக்கூடங்கள், குளிர் அறைகள், சுத்தமான தரை எல்லாம் வேண்டியவைதான். படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும் காசிமேட்டைப் பார்த்தவர் இதை மறுக்க மாட்டார். என் குறை வேறு. குளிர்ச் சங்கிலி என்று அதிகாரிகள் பேசும்போது அது கப்பலேறும் கதவு வரைதான் நீள்கிறது. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஐஸ் பெட்டி பொருத்திய இருசக்கர, மூன்று சக்கர வாகனங்களுக்கு மானியம் உண்டு. பெண்களுக்கு 60 விழுக்காடு. மீதி 40 விழுக்காட்டுக்கு அவள் மறுபடி தண்டல்காரரிடம்தான் போக வேண்டும். வண்டியை ஓட்டுவது யார் என்ற கேள்வி அதற்குப் பிறகு. ஏலக்கூடத்தின் வாசலில் பொடி ஐஸை மலிவாகவும் அளந்தும் விற்கும் ஒரு சாளரமும், தெருமுனையில் நிழலும் தண்ணீர்க் குழாயும் இதைவிடக் குறைந்த செலவில் அதிகம் செய்யும் என்பது என் எண்ணம். அவற்றுக்குத் திறப்பு விழா நடத்த முடியாது.

வெயில் அவளுக்கு முழு எதிரி அல்ல. விற்காத மீனை அன்று மாலையே கீறி, உப்பிட்டு, மறுநாள் விரித்துப் போட்டால் கருவாடு. நெத்திலியும் காரப்பொடியும் வாளையும் பங்குனி, சித்திரை வெயிலில் சில நாளில் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அந்த வழியும் அடைபடும். வடகிழக்குப் பருவமழையில் காய வைத்தது பூஞ்சை பிடிக்கும். படகும் புயல் எச்சரிக்கையில் கட்டிக் கிடக்கும். புரட்டாசியில் வாங்க ஆள் குறைவு, ஐப்பசியில் மீன் குறைவு. ஆண்டின் இந்தப் பகுதியில்தான் தண்டல் நோட்டு தடிக்கும்.

எல்லாக் கணக்கையும் தலைகீழாக்கும் காலம் ஒன்று இருக்கிறது. 2001இல் 45 நாளாகத் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம், இப்போது கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். அடிப்பலகையைச் சுரண்டி வண்ணம் பூசுவதும், இயந்திரத்தைப் பிரிப்பதும், மர நிழலில் வலை பொத்துவதும் அப்போதுதான். ஆந்திரத் தொழிலாளிகள் ஊருக்குப் போய்விடுவார்கள். மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணத் தொகை தரும். பைபர் படகுகள் கரையோரத்தில் பிடித்து வருவது நகரத்துக்குப் போதாது. அதனால் சிந்தாதிரிப்பேட்டைக்கும் வானகரத்துக்கும் கேரளம் முதலான மேற்குக் கரை மீன் லாரியில் வரும். காசிமேட்டுப் பெண்கள் அங்கே போய்த்தான் எடுக்க வேண்டும். வழியிலேயே சில நாள் ஐஸில் கிடந்த மீன் அது. எடுத்த கணத்திலிருந்து அவளுக்கு அவகாசம் இன்னும் குறைவு.

மேற்குக் கரையின் தடைக்காலம் ஜூன் 1இல் தொடங்கி ஜூலை 31 வரை போகிறது. ஆகவே ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு கரையிலும் விசைப்படகுகளில் பெரும்பாலானவை கடலில் இருக்காது. சந்தைப் பலகையில் ஆந்திரக் குளங்களின் கட்லாவும் ரோகுவும் ஏறும். வஞ்சிரத்தின் விலையைக் கேட்டுவிட்டு மக்கள் நகர்ந்துவிடுவார்கள். சித்திரை வெயிலில் கருவாடு காய வைத்துக் கையிருப்பு வைத்திருந்த பெண்களுக்கு அந்த இரண்டு வாரம் நல்ல வியாபாரம். அவர்களிடம் பதினொரு மணி வரை காத்திருந்து பேரம் பேச வருகிறவர் யாரும் இல்லை.